தையல் மெசின் வந்தது, கம்பனி ஏன் வரவில்லை?

மார்ச் 8 நெருங்கினால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிரதேச செயலக வளவுகளில் கூடாரம் அடிப்பார்கள். பெண் தொழில்முனைவோர் விற்பனைச் சந்தை. மேசைகளில் அரிசிமா, மிளகாய்த்தூள், மிக்சர், மோர்மிளகாய், பன்பாய், தைத்த சட்டைகள். நாடா வெட்டுவார்கள், படம் வரும், செய்தி வரும். அடுத்த வருடமும் அதே பொருள், அதே அளவுப் பக்கற், பல வேளை அதே மேசை.

செய்தி வாசிக்கிறவருக்குக் குழப்பம் வருவது நியாயம்தான். 2004 சுனாமிக்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கரையில் பெண்களுக்குத் தொழில் உதவி கொடுபட்டு வருகிறது. தையல் மெசின், கோழிக்குஞ்சு, ஆடு, மா அரைக்கும் இயந்திரம், பயிற்சிச் சான்றிதழ். இவ்வளவும் போட்ட நிலத்தில் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் பெண்களின் நிறுவனங்கள் ஏன் இத்தனை அரிதாகக் கண்ணில் படுகின்றன?

"பயிற்சி போதாது", "தன்னம்பிக்கை இல்லை" என்பவை வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள். இரண்டும் சோம்பல் பதில்கள் என்பது என் எண்ணம். இருபது வீட்டுச் சீட்டை வருடக்கணக்காகப் பிடித்து, யாருக்கு எந்த மாதம் என்பதைக் கொப்பி பாராமல் சொல்லும் பெண்ணுக்கு மூன்று நாள் கணக்குப் பயிற்சி வைத்துப் பிரியாணிப் பார்சல் கொடுத்து அனுப்புவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தடை வேறு இடத்தில் கிடக்கிறது. கடன், காணி, பதிவு, சந்தை ஆகிய நான்கும் பெண்ணின் தொழில் சிறியதாகவே இருக்கும் என்ற கணிப்பில் அமைக்கப்பட்டவை. அவர் அந்த அளவைத் தாண்டும்போதுதான் சுவர் தட்டுப்படுகிறது.

முதலில் மூன்று சொற்கள்

அறிக்கைகளில் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதப்படும் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. வாழ்வாதாரம்: வீட்டுச் செலவை ஈடுகட்டும் வருமானம். இலாபம், முதல் (மூலதனம்), கூலி எல்லாம் ஒரே பேர்ஸில் இருக்கும்.

2. சுயதொழில்: ஒருவர் தன் கையால் செய்து தானே விற்பது. அவருடைய உழைப்பு நேரம்தான் தொழிலின் எல்லை.

3. வணிகம் அல்லது நிறுவனம்: வேறொருவரும் செய்யக்கூடியபடி வேலை பிரிக்கப்பட்டிருப்பது. காசு தனிக் கணக்கில் ஓடும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. நடத்துபவர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் உற்பத்தி நடக்குமா? நடந்தால் அது வணிகம். நின்றால் சுயதொழில். சந்தை மேசைகளில் உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை இரண்டாவது வகை. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சுயதொழிலுக்கு உதவி கொடுத்துவிட்டு "தொழில் முயற்சியாளர் உருவாக்கம்" என்று அறிக்கை எழுதினால், அடுத்த படிக்குத் தேவையானது எதுவும் யார் கண்ணிலும் படாது.

தையல் மெசின் இதற்கு நல்ல உதாரணம். ஓர் ஒழுங்கையில் ஐந்தாறு வீட்டுக்கு மெசின் கொடுத்தால் அந்த ஒழுங்கையில் சட்டை தைக்கக் கொடுப்பவர்களின் தொகை கூடிவிடுவதில்லை. பெருநாளுக்கும் சித்திரைக்கும் வேலை இருக்கும். மற்ற மாதங்களில் ரெடிமேட் கடையோடு போட்டி. ஐந்து மெசினையும் ஒரு கொட்டிலில் போட்டு, ஒருவர் வெட்ட, மூவர் தைக்க, ஒருவர் பாடசாலைச் சீருடைக்கு ஓடர் பிடித்தால் அது வேறு கதை. ஆனால் உதவித் திட்டங்களின் பயனாளிப் பட்டியல் தலைக்கு ஒரு மெசின் என்றுதான் போடப்படுகிறது.

கிழக்கின் தனித்தன்மை: வீடு பெண்ணின் பேரில்

உலகின் பல இடங்களில் பெண்ணுக்கு வங்கிக் கடன் கிடைக்காததற்கு முதற்காரணம், அவர் பேரில் சொத்து இல்லாமை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் நிலைமை வேறு. இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பதுதான் வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்குத் தாய்வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் ஒதுங்கி, அடுத்தவளுக்கு அத்திவாரம் போடுவார்கள். குடி, அதாவது குலம், தாய் வழியாக வரும் தாய்வழிக் குடி முறையின் தடம் இது.

சட்டமும் இங்கே வேறு. வடமாகாணத் தமிழருக்கான தேசவழமை என்ற வழமைச் சட்டத்தில், மணமான பெண் தன் அசையாச் சொத்தை உயிருடன் இருக்கையில் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். மட்டக்களப்புத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துக் கட்டளைச் சட்டப்படி அவர் தன் சொத்தைத் தானே வைத்திருக்கலாம், ஈடு வைக்கலாம். தமிழர் என்றால் தேசவழமை என்று இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு.

அப்படியானால் காணி உறுதி கையில் இருக்கும் பெண்கள் ஏன் வங்கிக்குப் போவதில்லை? மூன்று காரணங்கள்.

முதலாவது, அந்த வீடு அவர் பேரில் இருந்தாலும் மனதளவில் அது மகளுடையது. தாய் கொடுத்தது, மகளுக்குப் போக வேண்டியது. மா மில்லுக்கு அதை ஈடு வைப்பது மகளின் கலியாணத்தை ஈடு வைப்பதற்குச் சமம். "வியாபாரம் விழுந்தா பிள்ளைக்கு எங்க போவன்?" என்ற கேள்விக்கு எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் பதில் இல்லை. இதைப் பயம் என்று எழுதிவிடுவார்கள். எனக்கு இது சரியான அபாயக் கணிப்பாகவே படுகிறது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலத்தில் விடலாம். பராட்டே என்று செய்திகளில் அடிபட்டது இதுதான். நாடளாவிய எதிர்ப்புக்குப் பிறகு 2024இல் அது தற்காலிகமாக நிறுத்தப்பட்டதே தவிர நீக்கப்படவில்லை.

இரண்டாவது, எல்லாரிடமும் உறுதி இல்லை. கல்லோயா, உன்னிச்சை, நவகிரி போன்ற குடியேற்ற நிலங்கள் பல அரச அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு வகை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. அந்த நிலத்தை நினைத்தவருக்கு விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரின் பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால் மகளுக்கு முன் மகன் என்றிருந்த வரிசையை 2022 திருத்தம்தான் மாற்றியது. எண்பத்தேழு வருடம் அந்த வரிசை செய்த வேலை ஒரு திருத்தத்தோடு அழிந்துவிடாது.

மூன்றாவது, சுனாமி. உயிரிழப்பு ஆகக் கூடிய மாவட்டம் அம்பாறை. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று ஆரம்பத்தில் வடகிழக்கில் விதித்தார்கள். பெண்களின் சீதன வீடுகள் நின்ற நிலம் அது. மாற்று வீடு கொடுக்கையில் விண்ணப்பத்தில் "குடும்பத் தலைவர்" என்றொரு கூடு. அதில் கணவன் பெயர். பத்திரமும் பல இடங்களில் அவர் பெயரிலேயே வந்தது. பரம்பரையாகப் பெண்ணிடம் இருந்த சொத்து ஒரு படிவத்தால் கைமாறியது. படிவம் தயாரித்தவர் இந்த ஊரின் வழக்கத்தைக் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

கிழமைக் கடன்: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வீட்டை ஈடு வைக்காவிட்டால், அரச வங்கி பொதுவாகக் கேட்பது நிரந்தரச் சம்பளக்காரப் பிணையாளர் இருவர். வாகரையிலோ, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலோ ஆசிரியரும் உத்தியோகத்தரும் எத்தனை பேர், அவர்களில் ஏற்கெனவே பிணை நிற்காதவர் எத்தனை பேர்? மிஞ்சுவது வாசலுக்கு வரும் நுண்நிதிக் கடன். ஐந்தாறு பெண்கள் குழு, ஒருவருக்கொருவர் பிணை, கிழமைக்கொரு தவணை.

வட்டியை விளங்கிக்கொள்ள ஓர் உதாரணக் கணக்கு. 50,000 ரூபாய் கடன், வருட வட்டி 24 வீதம் என்கிறார்கள். வட்டி 12,000. மொத்தம் 62,000ஐ 52 கிழமையால் பிரித்தால் தவணை ஏறத்தாழ 1,192 ரூபாய். 24 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதற்கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு போகிறது. ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட பாதி முதல் திரும்பிவிட்டது, வட்டியோ முழு 50,000க்கும் போடப்பட்டது. குறையும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி வருடத்துக்கு 44 வீதமளவில் வரும். ஆவணச் செலவு, காப்புறுதி, கட்டாயச் சேமிப்பு கழித்துக்கொண்டு கையில் தந்தால் இன்னும் கூடும்.

இது மிகைப்படுத்தல் இல்லை. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர், பெண்களிடம் அறவிடப்பட்ட வட்டி சில இடங்களில் 220 வீதம் வரை போனதைச் சுட்டிக்காட்டினார். அதே வருடம் மத்திய வங்கி 35 வீத உச்ச வரம்பு விதித்தது. வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட சில கடன்களை அரசு ஏற்றுத் தள்ளுபடி செய்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருந்தன. பதிவில்லாமல் கடன் கொடுப்பவரை எந்த வரம்பும் தொடவில்லை.

வட்டியை விடவும் தொழிலைக் கொல்வது தவணையின் வேகம் என்பேன். ஒரு மிளகாய்த்தூள் தொழிலைப் பாருங்கள். செத்தல் மிளகாய் வாங்கிக் காயவைத்து அரைத்துப் பக்கற் போட ஒரு கிழமை. கடைக்காரர் காசு தருவது முப்பது நாளில், சில வேளை அறுபது நாளில். தவணை ஏழாம் நாள். அந்த முதல் தவணை இலாபத்திலிருந்து வர வழியே இல்லை, கடன் காசிலிருந்தே திரும்பிப் போகிறது. கார்த்திகை, மார்கழி மழையில் மட்டக்களப்பில் எதையும் காயப்போட முடியாது. படுவான்கரையில் வெள்ளம் ஏறினால் பாதையே இல்லை. பொங்கலுக்கான விற்பனைக்குச் சரக்குச் சேர்க்க வேண்டிய காலம் அதுதான், உற்பத்தி நிற்கிற காலமும் அதுதான். கடன் அறவிடும் தம்பி மட்டும் குடையோடு வருவார். விளைவு, முதல் கடனைக் கட்ட இரண்டாம் கடன். அதில் ஒரு தவணை பிந்தினால் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பதியலாம். மக்கள் "கிரிப்" என்று சொல்வது அதைத்தான். ஐந்து வருடம் கழித்து உண்மையான வணிகக் கடனுக்கு வங்கிக்குப் போகும்போது அந்தப் பழைய தவணை முன்னால் வந்து நிற்கும்.

அடகுக் கடைக்கு ஏன் இத்தனை கூட்டம்

பெண்களுடைய தொழில் முதலின் நிஜமான ஊற்றுகள் மூன்று: சீட்டு, மத்திய கிழக்கில் உழைத்த காசு, நகை அடகு. திட்ட அறிக்கைகளில் மூன்றும் இராது.

அடகைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வங்கி அடகுக் கருமபீடத்தில் பெண்ணிடம் கேட்பது அடையாள அட்டையும் நகையும். கணவன் கையொப்பம், பிணையாளர், தொழில் திட்டம், கிராம உத்தியோகத்தர் கடிதம் எதுவும் வேண்டாம். வாங்கிய காசைத் தவணைக் காலத்தின் முடிவில், வழமையாக ஒரு வருடத்துக்குள், மொத்தமாகக் கட்டி மீட்கலாம். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கவும் முடியும். அதாவது சரக்கு வாங்கி, விற்று, காசு வந்த பின் கடனைத் தீர்க்கும் வியாபாரச் சுழற்சிக்கு நுண்கடனை விட இதுவே பொருந்துகிறது. கூட்டம் அறியாமையால் வருவதில்லை, கணக்குத் தெரிந்து வருகிறது.

எல்லை எங்கே என்றால், கழுத்தில் உள்ள அளவுதான் முதல். 2022 அந்த முதலையும் தின்றது. பங்குனியில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் வைகாசியில் 360க்குப் போனது. அவ்வருடம் புரட்டாதியில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. மருதமுனையில் கைத்தறிக்கு நூலும் சாயமும் இறக்குமதி. அதே காசுக்குப் பாதிக்குச் சற்று மேல் நூல்தான் வந்தது. அங்கே இன்னொன்றும் உண்டு. நூலை ஒருவர் கொடுக்க, வீட்டுத் தறியில் நெய்து கூலி வாங்கும் பெண் புள்ளிவிபரத்தில் தொழில்முனைவோராகவும் வரமாட்டார், ஊழியர் சேமலாப நிதி உள்ள தொழிலாளியாகவும் வரமாட்டார்.

பதிவு செய்தால் என்ன மாறும்

"முதலில் பதியுங்கள்" என்பது எல்லா மேடையிலும் கேட்கும் அறிவுரை. எதைப் பதிவது என்று சொல்பவர் குறைவு.

1. வியாபாரப் பெயர்ப் பதிவு. பிரதேச செயலகத்தினூடாகச் செய்யலாம், செலவு சிறிது. வங்கியில் நடைமுறைக் கணக்குத் திறக்க உதவும். ஆனால் சட்டத்தின் கண்ணில் தொழிலும் ஆளும் ஒன்றே. தொழிலின் கடன் அவருடைய வீடு வரை வரும். முன்பு சொன்ன சீதன வீட்டை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

2. தனியார் வரையறுத்த கம்பனி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி ஒரே ஒருவரும் ஆரம்பிக்கலாம். கம்பனி தனி ஆள், அதன் கடன் கம்பனியோடு நிற்கும். செயலாளர், வருடாந்த அறிக்கை என்று செலவு உண்டு. வங்கிகள் பணிப்பாளரின் சொந்த உத்தரவாதத்தையும் கேட்பதால் இந்த மதிலில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆனாலும் சரக்கு வழங்குநரின் கடன், வாடகைத் தகராறு போன்றவை வீட்டைத் தொடாது.

3. கூட்டுறவுச் சங்கம். ஆளுக்கொரு வாக்கு. மொத்தமாக வாங்கி விற்க நல்லது. விரைந்து முடிவெடுக்க வேண்டிய தொழிலுக்குச் சற்றுப் பாரம்.

உணவுப் பொருள் என்றால் இதற்கு மேல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை, உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரம், 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழான லேபல் விதிகள். வீட்டுக் குசினியில் செய்யும் வரை பலர் இதைக் கண்டும் காணாமல் விடுவார்கள். பெரிய கடைக்குப் போக நினைத்த நாளில் தனி உற்பத்தி அறை, கழுவும் இடம், வலையடித்த சன்னல் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அந்த அறை கட்டும் காசுதான் சுயதொழிலுக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் உள்ள பள்ளம். நுண்கடனுக்கு அது பெரிய தொகை, வங்கிக்கு அது பார்க்கத் தகாத சிறிய தொகை.

"முதலாளி இல்லையா?"

தமிழில் முதலாளி என்றால் ஆண். முதலாளியம்மா என்றால் முதலாளியின் மனைவி. பெருமளவு வயல் வைத்திருக்கும் போடியாருக்குப் பெண்பால் கேட்டால் போடியாரின் மனைவியைத்தான் காட்டுவார்கள். இது சொல்லோடு நிற்பதில்லை. லொறிக்காரர் சாமான் இறக்க வந்து "ஐயா இல்லையா?" என்பார். விலையை நடத்துபவர் சொன்னாலும் உறுதிப்படுத்தக் கணவனுக்கு அழைப்பு எடுப்பார்.

ஆட்களை வைத்து வேலை வாங்கும்போது இது கூர்மையடைகிறது. வேலைக்கு வருபவர்கள் மாமி மகள், மச்சாள், கோயில் தெரு அக்கா. காலை எட்டு மணி என்றால் ஒன்பதுக்கு வருவார்கள். கண்டித்தால் "அவக்குப் பெரிய மெனேச்சர் எண்ட நினைப்பு". ஆண் கண்டித்தால் கண்டிப்பு, பெண் கண்டித்தால் வாய். ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ இன்னொரு அடுக்கும் உண்டு. கொழும்பிலிருந்து வரும் கொள்வனவாளரோடு ராத்தா (அக்கா) தனியே இருந்து பேசுவதை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதும் வியாபாரச் செலவில் சேரும். காக்கா (அண்ணன்) ஒருவரை நடுவில் வைத்தால் பேச்சு நடக்கும், கொஞ்சக் காலத்தில் பேரமும் காக்காவுடையதாகிவிடும்.

குடும்பத் தலைமை பெண்ணிடம் உள்ள வீடுகளில், யுத்தமோ கடலோ கணவனை எடுத்த வீடுகளில், முடிவெடுக்கும் சுதந்திரம் கூடுதல். முடிவெடுக்கிற நேரந்தான் இல்லை. சமையல், பிள்ளை, வயதான தாய் எல்லாம் போக மிஞ்சும் மணித்தியாலங்களில்தான் நிறுவனம் நடக்க வேண்டும். பிள்ளை பராமரிப்பு நிலையம் ஒன்று பத்துத் தையல் மெசினுக்குச் சமம் என்று சொன்னால் நன்கொடையாளர்கள் சிரிப்பார்கள். படத்துக்கு மெசின்தான் எடுப்பு.

முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு சந்தை

மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் பாதையால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். உதயதேவி ரயிலில் போய்வர இரண்டு நாள் போகும். சுப்பர்மார்க்கற் கொள்வனவுப் பிரிவோடு பேச்சு சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில். அவர்கள் கேட்பது இலங்கைக்கான 479இல் தொடங்கும் பட்டைக்குறியீடு, மாதம் தவறாத விநியோகம், கடனுக்குச் சரக்கு, விற்காததைத் திருப்பி எடுக்கும் உடன்பாடு. தரம் இருந்தும் இந்தக் கடைசி இரண்டில் சிறிய நிறுவனம் படுத்துவிடும்.

பக்கத்துச் சந்தையும் முழுமையாகத் திறந்ததில்லை. தமிழூரும் முஸ்லிம் ஊரும் வரம்புக்கு வரம்பு அடுத்தடுத்துக் கிடக்கும் கரை இது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின் ஊர் பார்த்துச் சாமான் வாங்கும் பழக்கம் தலைதூக்கியபோது, இருபக்கமும் விற்றுக்கொண்டிருந்த சிறு உற்பத்தியாளருக்கு வாடிக்கையில் ஒரு துண்டு போனது.

அடுத்த திட்டம் அறிவிக்கப்பட்டால் கேட்க வேண்டியவை

1. தவணை எப்போது தொடங்குகிறது? முதல் விற்பனைக் காசு வருவதற்கு முன்னென்றால் அது நுகர்வுக் கடன்தான், பெயர் எதுவாக இருந்தாலும்.

2. வட்டி குறையும் மீதிக்கா, முழுத்தொகைக்கா? எழுத்தில் கேளுங்கள்.

3. வீட்டைத் தவிர வேறு எதை ஈடாக ஏற்பார்கள்? இயந்திரம், சரக்கு, உறுதியான ஓடர், நகை?

4. கட்டடம், உற்பத்தி அறை, பிள்ளை பராமரிப்பு ஆகியவற்றுக்குச் சதமாவது இருக்கிறதா, அல்லது எல்லாம் பயிற்சிக்கும் ரீசேட்டுக்குமா?

5. கொடுக்கும் காணியோ கடையோ யார் பேரில்? விண்ணப்பத்தில் இன்னும் "குடும்பத் தலைவர்" கூடு இருந்தால், இருவர் பெயரையும் எழுத இடம் கேட்டு வாங்குங்கள். பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பெயர் ஏறிய பிறகு மாற்றுவது பல வருட அலைச்சல்.